கோடு விழுந்த பெட்டி

வாசலுக்கு மேலே காளை மாட்டின் தலை தொங்குகிறது. மரத்தில் செதுக்கியதோ பஞ்சு அடைத்ததோ கிடையாது. அறுத்து அதிக நேரம் ஆகியிராத அசல் தலை. வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அடுத்த நொடியே தோளைக் குறுக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள்.

1963 மார்ச் 11, திங்கட்கிழமை மாலை. மேற்கு ஜெர்மனியின் வுப்பர்டால் நகரம். ஊர் நடுவே ஓடும் ஆற்றுக்கு மேலே, தண்டவாளத்தைப் பற்றியபடி தொங்கிக்கொண்டே ரயில் போகும் ஊர் அது. 1901லிருந்து அப்படித்தான் போகிறது. 1950இல் ஒரு சர்க்கஸ்காரர் விளம்பரத்துக்காக அந்த ரயிலில் யானைக்குட்டி ஒன்றை ஏற்றினார். குட்டி மிரண்டு, பெட்டியின் பக்கத்தை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்தது. உயிரோடு எழுந்தும் வந்துவிட்டது. யானையையே பார்த்த ஊர் மாட்டுத் தலைக்கா முகம் சுளிக்கும் என்று நினைத்தால் தப்பு. புகார் போனது. அதிகாரிகள் வந்து தலையை இறக்க வைத்தார்கள்.

நான் அங்கே இருந்தவன் இல்லை. மான்ஃப்ரெட் மோன்ட்வே, மான்ஃப்ரெட் லேவே போன்றவர்கள் எடுத்துவைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே உள்ளே நுழைந்து சுவரோரமாக நின்றுகொள்கிறேன். யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்கப்போவதில்லை. நானும் வாயைத் திறப்பதாக இல்லை.

வீடு ரோல்ஃப் யேர்லிங் என்ற கட்டடக் கலைஞருடையது. குடியிருப்பும் அதுதான், கலைக்கூடமும் அதுதான். ‘பார்னாஸ்’ என்று பெயர். மேல்மாடி, கீழ்மாடி, நிலவறை, குளியலறை என்று மொத்த வீட்டையும் ஒரு ஆளிடம் ஒப்படைத்திருக்கிறார். ஒப்படைத்தவரின் துணிச்சலைத்தான் முதலில் பாராட்டத் தோன்றுகிறது. குளியல் தொட்டியில் துணிக்கடைப் பொம்மை ஒன்று கிடக்கிறது.

பெற்றுக்கொண்டவர் நாம் ஜூன் பைக். வயது 30. கொரியாக்காரர். (‘பைக்’ என்று எழுதும்போதெல்லாம் வாசலில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்திய வண்டிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. என்ன செய்வது, பெயர் அது.) சியோலில் ஜவுளித் தொழில் செய்த பணக்காரக் குடும்பத்தின் கடைக்குட்டி. 1950இல் போர் வந்ததும் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடி, ஹாங்காங் வழியாக ஜப்பான் போய், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஷோன்பெர்க்கின் இசையைப் பற்றி ஆய்வேடு எழுதி, 1956இல் மேற்கொண்டு இசை படிக்க ஜெர்மனிக்கு வந்தவர். கவனியுங்கள், இசை படிக்க வந்தவர். ஓவியக் கல்லூரியில் படித்தவரே இல்லை. கண்காட்சிக்கு அவர் வைத்த பெயரிலும் இசைதான் முதலில் வருகிறது: ‘இசைக் கண்காட்சி – மின்னணுத் தொலைக்காட்சி’.

உள்ளே நாலு பியானோக்கள். அவற்றில் ஒன்றை அருகே போய்ப் பார்க்கிறேன். அது இன்றைக்கும் வியன்னாவின் மூமோக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முள்கம்பி சுற்றியிருக்கிறது. பொம்மைகள், புகைப்படங்கள், பூட்டுகள், முட்டை ஓடுகள், பெண்கள் அணியும் பிரா ஒன்று என்று திருவிழாக் கடையைக் கவிழ்த்துக் கொட்டிய மாதிரி பியானோ முழுக்க ஒட்டியும் கட்டியும் வைத்திருக்கிறார். கட்டையை அழுத்தினால் எங்கோ சைரன் ஊளையிடுகிறது. இன்னொரு கட்டைக்கு வெப்பக்காற்று விசிறி ஒன்று சுழன்று காலில் சூடாக அடிக்கிறது. வேறொரு கட்டைக்கு அறையின் விளக்கு அணைந்துவிடுகிறது. ‘ச’ வை அழுத்தினால் ‘ச’ வரவேண்டும் என்ற உடன்படிக்கை இங்கே செல்லாது. இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1940 வாக்கிலேயே பியானோக் கம்பிகளுக்கு இடையே திருகாணியும் ரப்பரும் செருகி அதன் குரலை மாற்றியவர். பைக்குக்கு அவர் குரு மாதிரி. குரு கம்பியோடு நிறுத்திக்கொண்டார்; சீடர் அறையையே பியானோவுக்குள் இழுத்துவிட்டார்.

இன்னொரு பியானோவின் ஆயுசு அன்று இரவே முடிந்தது. டூசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் சிற்பப் பேராசிரியராக இருந்த யோசப் பாய்ஸ் கோடரியோடு வந்து அதை உடைத்துப் போட்டார். சொல்லிவிட்டு வந்தவர் இல்லை. கண்காட்சியைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள் வாய் ஓயாமல் பேசியிருக்கக்கூடிய விஷயம் அதுதான். கோடரிக்கு முன்னால் வேறு எதுவும் கண்ணில் படாது.

நான் அந்தக் கூட்டத்தை விட்டு விலகி நடக்கிறேன். ஒரு சுவர் முழுக்க ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டிக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருக்கிறார்கள். டேப் ரிக்கார்டரிலிருந்து பிடுங்கிய ஹெட் மட்டும் ஒயரோடு தொங்குகிறது. அதைக் கையில் எடுத்து நாடாவின் மேல் தேய்த்தால் சத்தம் வரும். வேகமாகத் தேய்த்தால் கீச்சு, மெதுவாக இழுத்தால் உறுமல். எந்தத் துண்டிலிருந்து தொடங்குவது, எங்கே நிறுத்துவது எல்லாம் தேய்க்கிறவர் இஷ்டம். பக்கத்தில் கம்பியில் இறைச்சித் துண்டுகளைக் கோர்க்கிற மாதிரி ரெக்கார்டுகளைக் கோர்த்துச் சுழல விட்டிருக்கிறார். ஊசிக்கையை எதன் மேல் வேண்டுமானாலும் வைக்கலாம். ‘ரெக்கார்டு ஷாஷ்லிக்’ என்று பெயர். கபாப் மாதிரியான ஒரு பண்டத்தின் பெயர்தான் ஷாஷ்லிக்.

கோர்வையாக ஒருவர் வாசிக்க, மற்றவர் கைகட்டி உட்கார்ந்து கேட்கும் கச்சேரி ஏற்பாட்டை இந்த மனிதர் அறை அறையாகக் கலைத்துக்கொண்டே போகிறார்.

பிறகு அந்த அறை.

இருட்டு. ஒரு டஜன் தொலைக்காட்சிப் பெட்டிகள் இருக்கும். எல்லாம் பழையவை, கைமாறி வந்தவை. மேடையில்லை, வரிசையில்லை. வீடு மாற்றும்போது இறக்கிவைத்துவிட்டு மறந்த சாமான்கள் மாதிரி தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. கண்காட்சி மாலை 7.30க்குத் திறந்து 9.30க்கு மூடுகிறது. அன்றைக்கு ஒளிபரப்பு பெரும்பாலும் மாலையில்தான். பைக்கிடம் காட்டுவதற்குச் சொந்தப் படம் ஒன்றுகூட இல்லை. கேமரா இல்லை, வீடியோ டேப் இல்லை. வீடியோ கலையின் தந்தை என்று பிற்பாடு பட்டம் வாங்கப்போகிறவரின் முதல் கண்காட்சியில் வீடியோ என்ற பொருளே கிடையாது. வானத்திலிருந்து எல்லா வீட்டு ஆன்டெனாவுக்கும் இறங்குகிற அதே படம்தான் இங்கேயும் இறங்குகிறது. எட்டு மணிக்குச் செய்தி. ஊர் முழுக்க அந்த நேரம் சோபாவில் சாய்ந்து பார்க்கும் அதே செய்தி.

ஆனால் இந்த அறையில் செய்தி வாசிப்பவரின் முகம் ஒரு பெட்டியில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறி, பிலிம் சுருளில் தெரிகிற நெகட்டிவ் மாதிரி நிற்கிறது. இன்னொன்றில் நெற்றி ஒரு பக்கமும் தாடை ஒரு பக்கமுமாகச் சரிந்து ஓடுகிறது. ஒன்றில் படம் குழாய் மாதிரி சுருண்டுகொள்கிறது. ஒன்றில் படமே இல்லை, நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி; ரேடியோவோடு இணைத்திருக்கிறார், சத்தத்தைக் கூட்டினால் புள்ளி பெருக்கிறது, குறைத்தால் மிளகளவுக்குச் சுருங்குகிறது. ஒன்றை டேப் ரிக்கார்டரோடு கோர்த்திருக்கிறார். இசை ஏறி இறங்க, படம் விரிந்து குறுகுகிறது. ஒன்றின் கீழே மிதிகட்டை. மிதித்தால் திரையெங்கும் புள்ளிகள் தெறிக்கின்றன. ஒன்றின் முன்னால் மைக்.

கோட்டு போட்ட ஒருவர் மிதிகட்டையை ஷூ நுனியால் தொட்டுப் பார்க்கிறார். ஷாக் அடிக்குமோ என்கிற மாதிரி. படங்களில் இப்படி ஒருவர் இருக்கிறாரா என்றால் தெரியவில்லை. என் கண் சேர்த்துக்கொண்டவர் அவர். முதல் மிதிக்கு மெல்லச் சிரிக்கிறார். இரண்டாவது மிதிக்கு அக்கம் பக்கம் பார்க்கிறார். மூன்றாவதிலிருந்து மற்றவர்களை மறந்துவிடுகிறார்.

அவரைத் தாண்டி மூலைக்குப் போகிறேன். நான் பார்க்க வந்தது அங்கேதான் இருக்கிறது.

பெட்டி பக்கவாட்டில் நிறுத்தியிருக்கிறது. திரை முழுக்க இருட்டு. நடுவில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. வேறு ஒன்றுமில்லை. கோடு நகரவில்லை. உற்றுப் பார்த்தால் அதன் ஓரம் லேசாக நடுங்குகிற மாதிரி இருக்கிறது. பார்க்கிறவனின் கண் நடுக்கமாகவும் இருக்கலாம்.

பழைய பிக்சர் டியூப் டிவியைப் பழுது பார்த்தவர் யாரைக் கேட்டாலும் இந்தக் கோட்டுக்கு விளக்கம் சொல்வார். “வெர்டிகல் போச்சு சார்.” டியூபின் பின்கழுத்திலிருந்து எலக்ட்ரான் கற்றை ஒன்று பாய்கிறது. திரையின் உள்பூச்சில் அது படும் இடம் ஒளிர்கிறது. கற்றை தானாக நேரேதான் போகும். கழுத்தைச் சுற்றியிருக்கும் இரண்டு ஜோடிச் சுருள்கள் அதைக் காந்த விசையால் வளைக்கின்றன. ஒன்று இடமும் வலமுமாக இழுக்கும். மற்றது மேலிருந்து கீழாக இறக்கும். இரண்டும் சேர்ந்தால் கற்றை, நோட்டில் வரி வரியாக எழுதுகிற பிள்ளை மாதிரி, திரையை நிரப்பிவிடும். ஜெர்மனியில் ஒரு படத்துக்கு 625 வரி. நொடிக்கு 25 படம். மேலிருந்து கீழே இறக்குகிற விசை செத்துப்போனால் கற்றை அதே வரியின் மேல் அதே வரியை எழுதிக்கொண்டே இருக்கும். செய்தி வாசிப்பவர், அவர் சொல்லும் மந்திரி, மந்திரிக்குப் பின்னால் இருக்கும் கட்டடம், நாளைய வானிலை எல்லாம் அந்தக் கோட்டுக்குள்தான் நசுங்கிக் கிடக்கின்றன. படம் வராமல் இல்லை. விரிய இடம் இல்லாமல் நிற்கிறது.

இந்தக் கோட்டைப் பைக் செய்யவில்லை. கண்காட்சிக்குக் கொண்டுவரும் வழியில் பெட்டி அடிபட்டு இப்படி ஆகிவிட்டது. இன்னொன்று அதைவிட மோசம். அதன் மாடல் பெயர் ரெம்ப்ராண்ட். அதை எடுத்துத் திரை தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டுவிட்டார். கவிழ்ந்த ரெம்ப்ராண்டின் வெளிச்சம் அடியில் கசிவதைப் பார்க்க வேண்டும் என்றால் குப்புறப் படுக்க வேண்டும். கோடு விழுந்ததை மட்டும் வேறு மாதிரி நடத்தினார். படுத்திருந்த கோட்டை, பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி, எழுந்து நிற்க வைத்தார். அவ்வளவுதான் அவர் வேலை. ‘தொலைக்காட்சிக்கான ஜென்’ என்று பெயர் வைத்தார்.

பழுதைக் கலை என்று விற்றுவிட்டார் என்று சொல்வது சுலபம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மற்ற பெட்டிகளைச் சுற்றிவிட்டு மறுபடி இதன் முன்னால் வந்து நின்றால், இது தற்செயலாக உள்ளே வந்த உறவுக்காரன் இல்லை, வீட்டுப் பிள்ளைதான் என்று தெரிகிறது. மற்ற பெட்டிகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்து அவர் எதை வரவழைத்தாரோ, அதை லாரியின் ஒரு குலுக்கல் இதற்குச் செய்து கொடுத்திருக்கிறது. குலுக்கல் கொடுத்ததை அடையாளம் தெரிந்துகொள்ள அந்த மாதங்கள் தேவைப்பட்டன.

அந்த மாதங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொலோன் வானொலி நிலையத்தில் மின்னணு இசைக்கென்று தனி ஸ்டுடியோ இருந்தது. இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் அங்கே ஆஸிலேட்டர்களையும் ஃபில்டர்களையும் வைத்துக்கொண்டு புதுச் சத்தங்களைப் பிசைந்துகொண்டிருந்தார். பைக் அந்த வட்டாரத்தில் புழங்கியவர். சத்தத்தை மின்சாரமாக வளைக்க முடியும் என்றால் படத்தையும் வளைக்கலாமே, அதுவும் மின்சாரம்தானே? கேள்வி இவ்வளவு எளிது. ஓவியனுக்கு இது தோன்றியிருக்குமா என்பது சந்தேகம். ஓவியன் திரையைப் பார்த்தால் சட்டகம் தெரியும். இசைக்காரனுக்குத்தான் அது நொடிக்கு இத்தனை தடவை துடிக்கிற ஒரு கம்பியாகத் தெரியும்.

தொலைக்காட்சித் தொழில்நுட்பம் பற்றியவை தவிர மற்ற புத்தகங்களையெல்லாம் எடுத்துப் பூட்டி வைத்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். கொலோனுக்கு வெளியே தனியாக ஓர் இடம் பிடித்தார். நண்பர்களிடம் மூச்சுவிடவில்லை. பழைய பெட்டிகளை வாங்கி, முதுகுப் பலகையைக் கழற்றி, உள்ளே கைவிட்டார்.

இந்த ‘உள்ளே கைவிட்டார்’ என்பதை வேகமாகத் தாண்டிவிடக் கூடாது. பிக்சர் டியூபின் பக்கத்தில் ரப்பர் தொப்பி போட்ட ஒரு ஒயர் போகும். அதில் ஓடுவது பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். ஸ்விட்சை அணைத்த பிறகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அந்த மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் வயிற்றில் அடக்கிக்கொண்டிருக்கும். தெரிந்த மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரில் ஒயர் கட்டி, ஒரு முனையைச் சட்டத்தில் பிணைத்து, தொப்பிக்கடியில் நுழைத்து, ‘சட்’டென்று ஒரு சத்தம் கேட்ட பிறகுதான் வேலையைத் தொடங்குவார். ஷோன்பெர்க்கைப் பற்றி ஆய்வேடு எழுதிய ஆள், யாருக்கும் தெரியாத அறையில், இப்படிப்பட்ட பெட்டிக்குள் கைவிட்டுக்கொண்டிருக்கிறார். எந்த ஒயரை எங்கே மாற்றிக் கொடுத்தால் முகம் எந்தப் பக்கம் சரியும் என்று பார்க்கிறார். கற்றையை வளைக்கிற சுருளுக்குள் ரேடியோவை நுழைக்கிறார், டேப் ரிக்கார்டரை நுழைக்கிறார். பியானோக் கம்பிக்கு இடையே திருகாணி செருகியதன் அடுத்த படி இது. பெட்டியை அவர் வாத்தியமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

இதற்கு முன்னால் அவர் வேறு மாதிரி ஆள். 1960இல் கொலோனில் மேரி பவர்மைஸ்டர் என்ற ஓவியரின் கூடத்தில் ஒரு கச்சேரி. பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர் எழுந்து பார்வையாளர் நடுவே பாய்ந்தார். முன்னால் உட்கார்ந்திருந்த ஜான் கேஜின் டையைக் கத்தரித்தார். கேஜ் தலையிலும் பியானோக் கலைஞர் டேவிட் ட்யூடர் தலையிலும் ஷாம்பூவைக் கொட்டினார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே போனவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தொலைபேசி மணி அடித்தது. கச்சேரி முடிந்துவிட்டது என்று பைக் தகவல் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து டூசல்டார்ஃபில் வயலினை இரண்டு கையாலும் பிடித்து, பார்க்கிறவர்கள் கண்ணுக்கே தெரியாத மெதுவில் தலைக்கு மேலே தூக்கி, ஒரே அடியில் மேசை மேல் அடித்து நொறுக்கினார். அந்த ஆண்டே வீஸ்பாடனில் தலைமுடியை மையில் முக்கித் தரையில் விரித்த காகிதச் சுருள் மேல் தலையாலேயே ஒரு நீளக் கோடு இழுத்துக்கொண்டு போனார். அதற்கு ‘தலைக்கான ஜென்’ என்று பெயர்.

இந்த வகைக் கூத்துகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. எதையாவது உடைக்கிறவனைச் சுற்றிக் கூட்டம் கூடுவது எந்த ஊரிலும் நடப்பதுதான். கத்தரிக்கோலை வைத்திருப்பவன் ஒருவன், டையைக் கட்டியிருப்பவன் ஒருவன் என்றால் யார் ஆள்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. அது பழைய மேடைதான், கொஞ்சம் முரட்டுத்தனம் சேர்ந்தது.

வுப்பர்டாலில் கத்தரிக்கோல் கைமாறிவிட்டது. மிதிகட்டை வருகிறவர் காலுக்குக் கீழே இருக்கிறது. நாடாவின் மேல் ஓட்டுகிற ஹெட் வருகிறவர் கையில் இருக்கிறது. பைக்கும் உதவியாளர்களும் ஓரமாக நிற்கிறார்கள். அந்த உதவியாளர்களில் உள்ளூர்ப் பையன் பீட்டர் ப்ரோட்ஸ்மன் ஒருவர். பின்னாளில் சாக்ஸபோனை அடிவயிற்றிலிருந்து அலற வைத்துப் பேர் வாங்கியவர். தொலைக்காட்சி என்றால் அவன் காட்டுவான், நாம் பார்ப்போம் என்று உலகம் ஒப்புக்கொண்டிருந்த காலம். பார்க்கிறவனுக்கு ஆன், ஆஃப், சத்தம், வெளிச்சம், இவ்வளவுதான் உரிமை. ஜெர்மனியில் இரண்டாவது நிலையமாக ஸெட்.டி.எஃப். தொடங்கப்போவதே ஏப்ரல் 1ஆம் தேதிதான். இந்தக் கண்காட்சி மூடி 12 நாள் கழித்து. அந்த வேளையில் இந்த அறையில் ஒருவர் மந்திரியின் மூக்கைக் காலால் மிதித்துச் சிதற வைத்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரிக்கிறார்.

பெட்டியோடு மல்லுக்கட்டாத வீடு நம் ஊரிலும் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ நேரத்தில் படம் உருண்டால் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு. மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, மாடிப்படியில் ஒருவர் நின்று கத்த, கூடத்தில் ஒருவர் “வருது, வருது, போச்சு” என்று சொல்ல, மூன்று பேர் சேர்ந்து வாசித்த வாத்தியம் அது. கலர் டிவி வந்த பிறகு உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நடிகையின் கன்னத்தில் ஊதாக் கறை படிய வைத்து முதுகில் வாங்கிக்கொண்ட பிள்ளைகள் தெருவுக்கு ஒருவராவது உண்டு. நாங்கள் படத்தைச் சரி செய்யத்தான் தட்டினோம். கறையைக் கண்டு பயந்துதான் ஓடினோம்.

பைக் அந்தக் கறையின் பின்னாலேயே போனார். வுப்பர்டாலுக்குப் பிறகு ஜப்பானுக்குத் திரும்பி, ஷூயா ஆபே என்ற மின்னணுப் பொறியாளரோடு சேர்ந்து கலர் பெட்டிகளைக் குடைந்தார். இரண்டு பேரும் ஒரு ரோபோவையும் கட்டினார்கள். மோட்ஸார்ட்டின் பியானோ கன்சர்ட்டோ ஒன்றின் எண்ணான கே-456 என்பதுதான் அதற்குப் பெயர். நடக்கும், கென்னடியின் பேச்சை ஒலிபரப்பும், பின்பக்கமாகப் பயறு போடும். நியூயார்க் தெருவில் அதை நடக்க விட்டார்.

1965இல் அங்கேதான் 17 அங்குலப் பெட்டி ஒன்றின் தலைமேல் கனமான லாடக் காந்தத்தைத் தூக்கி வைத்தார். கறுப்பு வெள்ளைப் பெட்டி. கற்றை காந்தத்தின் விசையில் வளைந்து, மடிந்து, திரையில் ஒரு பூவிதழ் மாதிரி, முடிச்சுப் போட்ட மஸ்லின் துணி மாதிரி ஓர் உருவம் எழுந்தது. காந்தத்தை நகர்த்தினால் உருவமும் திரும்பிப் படுக்கும். நகர்த்தும் உரிமை அன்றைக்குப் பார்வையாளருக்கும் இருந்தது. இப்போது அது நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தின் சொத்து. அருங்காட்சியகம் என்றால் தொடக் கூடாது. பைக் செய்த பொருள்களுக்கு நேர்ந்த பெரிய துக்கம் என்று நான் நினைப்பது இதைத்தான். கேட்டால் பாதுகாப்பு என்பார்கள், அதுவும் சரிதான்.

கறை படிந்த கலர் டியூபைச் சுத்தம் செய்ய மெக்கானிக்குகள் ஒரு வளையம் கொண்டுவருவார்கள், நினைவிருக்கிறதா? செம்புக் கம்பி சுற்றிய வளையம், டீகாஸிங் காயில். மின்சாரம் கொடுத்துத் திரைக்கு முன்னால் வட்டமாகச் சுழற்றிக்கொண்டே பின்னால் போவார்கள். திரையில் நிறங்கள் வாரிச் சுருட்டிக்கொண்டு சுழலும், பிறகு அடங்கும். அதே வகை வளையத்தைப் பைக் எடுத்துப் பார்வையாளர் கையில் கொடுத்தார். கறை போவதற்கு முந்தைய சுழல்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

அதே 1965ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதியைப் பற்றி ஒரு கதை உண்டு. போப் ஆறாம் பவுல் நியூயார்க் வந்த நாள். சோனியின் புது வீடியோக் கருவியை வாங்கிக்கொண்டு டாக்ஸியில் திரும்பிய பைக், நெரிசலில் மாட்டிக்கொண்டு, போப்பின் ஊர்வலத்தைப் படம் பிடித்து, அன்று இரவே கிரீன்விச் வில்லேஜில் ‘கஃபே ஓ கோகோ’ என்ற விடுதியில் போட்டுக் காட்டினார். வீடியோ கலை பிறந்தது. கதை அழகாக இருக்கிறது. தோளில் மாட்டி எடுத்துப்போகிற சோனி போர்ட்டபாக் அமெரிக்கக் கடைக்கு வந்தது 1967 வாக்கில் என்பதால் ஆராய்ச்சியாளர்கள் புருவம் உயர்த்துகிறார்கள். அன்று அந்த விடுதியில் அவர் வீடியோ காட்டியதற்குத் துண்டறிக்கை இருக்கிறது. டாக்ஸியும் நெரிசலும்தான் தகராறு. இந்த வழக்கில் எனக்கு அக்கறையில்லை. பிறந்த நாள் எது என்று கேட்டால், போப்பை விட்டுவிட்டு அந்த மாட்டுத் தலைக்கடியில் நுழைந்து போகச் சொல்வேன்.

அங்கேதான் இன்னும் நிற்கிறேன். ஒன்பதேகால் ஆகிவிட்டது. கூட்டம் பியானோக்கள் பக்கமே இருக்கிறது. இந்த அறைக்கு வருகிறவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். நெகட்டிவ் முகம் எதையோ வாசித்துக்கொண்டிருக்கிறது. ரேடியோப் பெட்டியின் புள்ளி மிளகளவில் நிற்கிறது. மிதிகட்டைக்காரரின் மனைவியாக இருக்கலாம், வாசலில் நின்று அவரைக் கூப்பிடுகிறாள். அவர் இன்னும் ஒரே ஒரு தடவை என்று விரலைக் காட்டுகிறார். மிதித்துவிட்டுப் போகிறார்.

அறையில் யாருமில்லை. கோடு அப்படியே நிற்கிறது.

மைக் வைத்த பெட்டியின் முன்னால் வந்து உட்கார்கிறேன். உள்ளே வந்ததிலிருந்து நான் எதையும் தொடவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. பார்ப்பதற்கென்று வந்தவன், பார்த்தேன். இந்தத் திரைக்கு அது தெரியவில்லை. மைக்கில் சத்தம் விழுந்தால்தான் அதில் ஏதாவது தெறிக்கும். எனக்கு முன்னால் இருட்டாக, பொறுமையாக இருக்கிறது. கண்ணாடியில் என் முகம் மங்கலாகத் தெரிகிறது. வெளியே யாரோ விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிற சத்தம் நெருங்கி வருகிறது.

தொண்டையைச் செருமுகிறேன்.

திரை முழுக்கப் பொறி.